மார்கழியில் நாய்க்கூட்டத்தோடு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை மழை ஓய்ந்து, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரை மண் காலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் எங்கள் நடை தொடங்கும். மாசியில் அறுவடை முடியும்வரை பெரும்பாலும் தினமும் உண்டு. ஐந்து நாய்கள். கருப்பியும் மணியனும் என் வீட்டு நாய்கள். சிட்டு பக்கத்து வீட்டுச் சிப்பிப்பாறைக் கலப்பு. செவலையும் வெள்ளையனும் தெருவில் பிறந்து, நடக்கும் ஆசையில் எங்களோடு சேர்ந்தவை.

சுசீந்திரம் பக்கம் ஐந்து நாய் வரிசையாகப் போவதைப் பார்த்தவர்கள் ஏதாவது கேட்காமல் விடுவதில்லை. டீக்கடையிலும் மடைப்பக்கத்திலும் ஒன்பது வருடமாகக் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவம் பற்றிய பதில்கள் என் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

கன்னியாகுமரியில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

கம்பளிச் சட்டை போடும் குளிர் இல்லை. மார்கழி விடியலில்கூட 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் நிலத்தைப் பார்த்தால் காலம் மாறியது தெரியும். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறைந்திருக்கும். கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் வயலில் நிற்கும். தாமரை இலையின்மேல் பனித்துளி உருளும். வடக்கேயிருந்து வந்த வாத்துகள் குளத்தின் நடுவில் மிதக்கும். மேற்கே குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும். மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்று பிரித்தவர்கள் தெரிந்துதான் பிரித்திருக்கிறார்கள்.

நாய்க்கு இந்தச் சிறிய வித்தியாசமே பெரியது. நம்மைப்போல் உடல் முழுக்க அதற்கு வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும்; மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் அரை மணி நேரத்தில் களைத்துப்போகும் நாய், மார்கழியில் ஒன்றரை மணி நேரம் உற்சாகமாக நடக்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? நாலு மணிக்கே போனால் இன்னும் குளிர்ச்சியாக இருக்குமே?

இருட்டில் போக வேண்டாம். நெல் நிற்கும் வயலில் எலி இருக்கும், எலியைத் தேடிப் பாம்பு வரப்பில் கிடக்கும். நாய் முதலில் மூக்கைத்தான் நீட்டும், கடியும் மூக்கிலேயே விழும். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை தாண்டிவிடும். கரையின் விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஆறேகால் மணிவாக்கில் நான் வீட்டைவிட்டு இறங்குகிறேன். எட்டு மணிக்குத் திரும்பிவிடுவோம்.

மாலை நடை வேண்டுமென்றால் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும். மார்கழியிலும் பகல் வெயில் வெயில்தான்.

ஐந்து நாயை ஒரே ஆள் எப்படிப் பிடிக்கிறீர்கள்? இழுத்துத் தள்ளிவிடாதா?

ஒரே ஆள் பிடிப்பதில்லை. என் கையில் மூன்று, பக்கத்து வீட்டுத் தம்பி கையில் இரண்டு. அவன் வராத நாளில் மூன்றும் இரண்டுமாகப் பிரித்து இரண்டு நடை போவேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒருவருக்கு ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டிப்போய், கயிறு தளர்வாக இருக்கும்போது மட்டும் முன்னேறி, இழுத்தால் அப்படியே நின்றுவிட வேண்டும். இழுத்தால் நடை நின்றுபோகும் என்பதை நாய் இரண்டு வாரத்தில் புரிந்துகொள்ளும். அதன்பிறகு இரண்டு நாய்களைச் சேர்த்துப் பழக்கலாம்.

எங்கள் கூட்டத்தில் கருப்பி முன்னால் போகும். அதற்குப் பதினோரு வயது. அதன் வேகமே எல்லோருடைய வேகமும். இளம் நாயை முன்னால் விட்டால் பின்னால் வருபவை ஓடத் தொடங்கும், ஓடும் நாய்க்கூட்டம் எதைக் கண்டாலும் துரத்தும். கழுத்துப் பெல்ட்டைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை நல்லது. ஆறடிப் பருத்திக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் கயிறு வேண்டாம், அது இரண்டு நாய்களின் காலில் சுற்றி அறுத்துவிடும். குத்தும் சங்கிலியை எந்த நாய்க்கும் போடாதீர்கள்.

அவிழ்த்து விட்டால்தானே அதுகளுக்குச் சந்தோஷம்? கயிற்றில் கட்டி நடத்துவது பாவம் இல்லையா அக்கா?

இதைக் கேட்கிறவர்கள் நாய்மேல் அன்புள்ளவர்கள். முதல் இரண்டு வருடம் நானும் அவிழ்த்துத்தான் விட்டேன். ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர் ஒருவர் ஆயிரத்துக்கும் மேலான வாத்துகளை மேயவிட்டிருந்தார். செவலை வரப்பைத் தாண்டிக் குதித்தது, மற்ற நாய்கள் பின்னால் போயின. கடித்துச் செத்தவை மூன்றுதான். ஆனால் சிதறிய வாத்துகளைத் தேடிச் சேர்க்க அவருக்கும் அவர் மனைவிக்கும் அந்தி ஆகிவிட்டது. நானும் சேற்றில் இறங்கித் தேடினேன். கேட்ட பணத்தைக் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நாய் என்ன செய்யும்மா, கயிறு உங்கள் கையில்தானே இருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கயிறு என் கையைவிட்டுப் போனதில்லை.

நாயின் சந்தோஷம் ஓட்டத்தில் பாதி, மோப்பத்தில் மீதி. அதன் மூக்கைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், நாசித்துளையின் ஓரத்தில் ஒரு பிளவு இருக்கும். வெளிவிடும் மூச்சு அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் போய்விடுவதால், தரையில் கிடக்கும் வாசனை கலையாமல் மறுபடி மறுபடி உள்ளே இழுக்க முடிகிறது. பனி ஈரம் இருக்கும் காலையில் தரையின் வாசனைகள் அதற்கு இன்னும் தெளிவு. இரவில் எந்தக் கீரி போனது, எந்த நாய் நின்றது என்று ஒவ்வொரு செடியிலும் படித்துக்கொண்டே வரும். அவசரப்படுத்தி இழுக்காமல், ஒரு செடியில் இரண்டு நிமிடம் நிற்க விட்டால் கயிற்றிலும் நாய் நிறைவாக நடக்கும். நான் நடைக்குத் தூரம் கணக்கிடுவதில்லை. சில நாள் ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், வீட்டுக்கு வந்ததும் எல்லாம் அடித்துப்போட்டதுபோல் தூங்கும்.

கயிறு வாத்துக்கும், வரப்பில் புல் அறுக்கும் பாட்டிக்கும், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் நான் கொடுக்கும் உறுதி. இந்தக் கரை என் நாய்களுக்காகப் போட்ட கரை இல்லை.

எந்தப் பாதையில் போகலாம்? தேரூர் குளத்துக்குக் கூட்டிப்போகலாமா?

தேரூர் குளம் என் வீட்டுக்குப் பக்கம். ஆனாலும் மார்கழியில் நாய்களை அங்கே கொண்டுபோவதில்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இந்தத் தண்ணீருக்கு வருகின்றன. பகலில் இளைப்பாறி, தின்று, பங்குனிக்குள் திரும்பிப் பறக்கக் கொழுப்புச் சேர்க்க வேண்டும். கரையில் ஒரு நாயின் உருவம் தெரிந்தால் போதும், கூட்டம் முழுவதும் எழும்பும். ஒவ்வொரு எழும்பலும் அவை சேர்த்து வைத்த பலத்தைக் கரைக்கும். நாய் குரைக்க வேண்டியதில்லை, கயிற்றில் இருப்பதும் உதவாது. புத்தளம், சாமிதோப்பு உப்பளங்களுக்கும் மணக்குடிக் காயலுக்கும் இதே பதில். பறவை பார்க்க ஆசை வந்தால் நான் தனியாகப் போகிறேன்.

நடைக்குச் சானல்கரையைப்போல் நல்ல பாதை இல்லை. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனார் சானல் என்று ஊரூராகப் போகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூனிலிருந்து பிப்ரவரி முடியும்வரை இவற்றில் ஓடும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், தலைக்குமேல் தென்னை. வாகனம் அதிகம் வராத கரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கணபதிபுரம், ராஜாக்கமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்பு மணல்வழிகளும் பாதத்துக்கு இதமானவை.

சானலில் இறக்கிக் குளிப்பாட்டலாமா?

வேண்டாம். கான்கிரீட் சரிவில் வழுக்கி இறங்கிய நாய் திரும்ப ஏற முடியாது, தண்ணீரின் இழுப்பும் மேலே தெரிவதைவிட அதிகம். கீழே படித்துறையில் ஆட்கள் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள்.

ஊர் நாய் எல்லாம் குளத்துத் தண்ணீரைத்தானே குடிக்கிறது, உங்கள் நாய்க்கு மட்டும் பாட்டில் தண்ணீரா?

ஊர் நாய் குடிக்கிறது, நோயும் வாங்குகிறது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைக்குப் பிந்திய மாதங்களில் இதுவே எனக்குப் பெரிய பயம். சோர்வு, வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது என்று தொடங்கிக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். மனிதருக்கும் பரவும். இதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு, வருடம்தோறும் போட வேண்டும்.

இன்னொன்று அட்டை. குளத்தில் வாய் வைக்கும்போது சின்ன அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். நாய் விடாமல் தும்மும், ஒரு நாசியில் மட்டும் ரத்தம் வரும். மருத்துவர்தான் எடுக்க வேண்டும். மருந்து தெளித்த வயலின் வடிநீர் இவற்றைவிட மோசம். இரண்டு லிட்டர் தண்ணீரும் ஒரு பெரிய தேங்காய்ச் சிரட்டையும் பையில் வைத்துக்கொண்டால் எல்லாக் கவலையும் தீரும். சிரட்டை கனமில்லை, உடைந்தால் அடுத்தது தோப்பிலேயே கிடைக்கும்.

கடற்கரைக்குப் போகலாமா? மணலில் ஓடினால் நன்றாக இருக்குமே?

விடிந்தபிறகு, கூட்டமில்லாத நேரத்தில், கயிற்றோடு போகலாம். சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் போகாதீர்கள். இரவில் எந்தக் கடற்கரைக்கும் வேண்டாம். மார்கழி கடைசியிலிருந்து பங்குனிவரை பங்குனி ஆமைகள் கரையேறி மணலில் குழி தோண்டி முட்டையிடும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் போய்விடும். ஆமைத் தடமோ குழியோ கண்டால் நாயைத் திருப்பிக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள், முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போவார்கள்.

கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும் இடத்தில் வயதான மீனவர் ஒருவர் என்னிடம், “மக்களே, பேத்தை கிடக்கும், பார்த்துப் போ” என்று எச்சரித்தார். பேத்தை மீன் வலையில் வந்தால் கரையிலேயே எறிந்துவிடுவார்கள். அதன் விஷம் வெயிலில் காய்ந்தாலும் போகாது. தின்ற நாய் கால் தள்ளாடி, மூச்சு நின்று இறந்துபோகும். கடற்கரையில் நான் தலைநிமிர்ந்து அலையைப் பார்ப்பதே இல்லை, நாய்களின் வாயையே பார்த்து நடக்கிறேன். தூண்டில் முள்ளும் அறுந்த வலையும் அதே மணலில் கிடக்கும்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் காட்டுக்குள் ஒரு நாள் கூட்டிப்போகலாமா? மருந்துவாழ் மலை?

காட்டுக்குள் கூடவே கூடாது. கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், யானையும் சிறுத்தையும் இருக்கிற இடம். நாயைக் கண்ட யானை மிரண்டு துரத்தும், நாய் உங்கள் காலடிக்கே ஓடிவரும். நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்குப் போகும் நோய் அதைவிட மோசம். டிஸ்டெம்பர் என்னும் நோய் நம் நாயிலிருந்து செந்நாய்க்கும் மரநாய்க்கும் தொற்றும், அவற்றுக்கு ஊசி போட யாரும் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் துரத்துவதும் அடங்கும். முயலையோ உடும்பையோ மயிலையோ உங்கள் நாய் துரத்திக் கடித்தால், அது காட்டில் என்றாலும் வயலில் என்றாலும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். மருந்துவாழ் மலையில் குரங்குகள் இருக்கின்றன, சாமி கும்பிட ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், படி ஒடுக்கமானது. அங்கேயும் வேண்டாம்.

சேச்சி, எங்கள் சொந்த ரப்பர் தோட்டத்தில் நடக்கலாம்தானே?

நடக்கலாம், இந்தப் பருவத்தில் அதைவிட அழகான இடம் மாவட்டத்தில் குறைவு. தலைக்குமேல் சிவப்பும் மஞ்சளும், காலடியில் கணுக்கால்வரை சருகு. அந்தச் சருகில்தான் ஆபத்தும் இருக்கிறது. மலையடிவாரத் தோட்டங்களில் குழிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும், மிதிக்கும்வரை அசையாது. ஆள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையைவிட்டு நாயை இறங்க விடாதீர்கள். பால்வெட்டும் நேரம் முடிந்தபிறகு போங்கள், குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறவர் பின்னால் நாய்க்கூட்டம் வந்தால் பதறிப்போவார். ஷீட் அடிக்கும் கொட்டகைப் பக்கம் ஆசிட் இருக்கும், எட்டியே நில்லுங்கள்.

ஊடே மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்தால் பச்சைக் கிழங்கையோ தோலையோ நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகாத மரச்சீனியில் சயனைடு உண்டாகும். நமக்கு வேகவைத்துத் தண்ணீரை வடிப்பது அதற்காகத்தான்.

பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நாயை நடக்க விடாமல் தூக்குங்கள். கடித்த இடத்தை அறுக்கவோ, இறுகக் கட்டவோ, பச்சிலை வைக்கவோ வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனை. கிளம்பும்போதே ஃபோன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். பாம்பைப் பிடிக்கப் போக வேண்டாம், முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் போதும்.

நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரிக்கப்படுவது. முன் பதிலில் சொன்ன குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அதற்கு மருத்துவர் வீக்கத்தையும் ரத்தப்போக்கையும் பார்த்து வேறு வைத்தியம் செய்வார். எந்த இடத்தில் கடித்தது, ரப்பர்ச் சருகிலா வயல் வரப்பிலா என்று சொல்வது அதனால் முக்கியம்.

நடந்துவிட்டு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

விரல் இடுக்கு, காதின் உள்மடல், அக்குள், வாலடி. ஒரு நாய்க்கு மூன்று நிமிடம். மழைக்குப்பின் புல் முற்றிய காலம் என்பதால் நாயுருவி விதை எல்லா இடத்திலும் ஒட்டும். பெயரே நாயை உருவி வருவதால் வந்ததோ என்று தினமும் அதைப் பிடுங்கும்போது நினைத்துக்கொள்வேன். அது உபத்திரவம் மட்டும்தான். ஊசிப்புல் அப்படியில்லை, அதன் முனை ஒரு திசையில் மட்டும் நகரும். காதுக்குள்ளோ விரலிடுக்கிலோ புகுந்தால் சதைக்குள் போய்ச் சீழ் வைக்கும். நாய் தலையை ஒருபக்கம் சாய்த்து உதறினால் தாமதிக்காதீர்கள்.

உண்ணியை நசுக்காமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்த நாய் சோறு தின்னாது, ஈறு வெளுக்கும். நல்ல நாயின் உடல்சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் நாய்க்கென்று வைத்திருங்கள். சாப்பாடு நடைக்கு முன் வேண்டாம். திரும்பி வந்து இரைப்பு அடங்கி அரை மணி நேரம் கழித்துக் கஞ்சியும் வேகவைத்து முள் எடுத்த சாளை மீனும் கொடுக்கிறேன். சிட்டுவைப்போல் மார்பு ஆழமான நாய்கள் வயிறு நிறையத் தின்று ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும், அது உயிர்போகும் விஷயம்.

பனிக்கு நாய்க்குச் சட்டை போட வேண்டுமா?

இங்கே வேண்டாம். நனைந்து வந்தால் துண்டால் துடையுங்கள். கிழநாய்க்கும் குட்டிக்கும் படுக்க ஒரு சாக்கு போதும்.

எங்கள் வீட்டில் ஹஸ்கி இருக்கிறது. குளிர்காலம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா?

சைபீரியாவின் உறைபனிக்காக இரட்டை மயிர் வளர்த்த நாய்க்கு நம் மார்கழியும் கோடைதான். விடிந்தவுடன் அரை மணி நேரம், நிழலில், நிறையத் தண்ணீரோடு நடத்துங்கள். வெயில் தாங்காது என்று மயிரை மழிக்க வேண்டாம், அந்த மயிர் சூட்டையும் ஓரளவு தடுக்கிறது. நடக்கும்போது ஈறு கடும் சிவப்பாகி, எச்சில் நூலாக வடிந்து, தள்ளாடினால் உடனே நிழலில் படுக்கவைத்து உடம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்து, மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். இதைக் கேட்ட தம்பியிடம் ஒன்று சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: அடுத்து நாய் வளர்ப்பதானால் தெருவில் ஒரு குட்டியை எடுங்கள். இந்த மண்ணும் வெயிலும் அதற்குப் பழக்கம்.

வழியில் தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால்?

ஒவ்வொரு தெருவும் சில நாய்களின் இடம். நாம்தான் அவற்றின் வீட்டுக்குள் ஐந்து பேராக நுழைகிறோம். கல்லெடுக்காதீர்கள், ஓடாதீர்கள். கயிறுகளைச் சுருக்கிப் பிடித்து, நாய்களைச் சாலையின் மறுபக்கம் வைத்து, நேராகப் பார்க்காமல் ஒரே வேகத்தில் கடந்துபோங்கள். பத்து நாள் இப்படிப் போனால் அவை எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

மார்கழியில் ஒரு தனிக் கவனம் உண்டு. தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டிக் குட்டி போடும். கலுங்குக்கு அடியிலும் வைக்கோல் படப்பின் ஓரத்திலும் தாய் படுத்திருந்தால் அந்த வழியை ஒன்றரை மாதம் விட்டுவிடுங்கள். எவ்வளவு சாதுவான நாயும் குட்டி அருகில் இருக்கும்போது பாயும்.

கடித்துவிட்டால்? உங்கள் நாய் கடித்தாலும் சரி, தெருநாய் கடித்தாலும் சரி.

மனிதரைக் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனை. தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், பின் 3, 7, 28-ஆம் நாட்கள். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். “ஊசி போட்ட வீட்டு நாய்தானே” என்று யாரையும் தடுக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

உங்கள் நாய் கடித்திருந்தால் நீங்களே கூட்டிப்போங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்க்கும் விலங்கைக் கவனமில்லாமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்ய வேண்டும். நடைக்கு வரும் எந்த நாய்க்கும், தெருநாய் என்றாலும், மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி, அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருடம்தோறும். செவலைக்கும் வெள்ளையனுக்கும் நான்தான் போடுகிறேன். ஊசிச் சீட்டைப் பையில் வைத்திருப்பது வழியில் பல வாக்குவாதங்களைத் தவிர்க்கிறது.

வயலில்தானே மலம் கழிக்கிறது, உரம்தானே? அதையும் ஏன் அள்ளுகிறீர்கள்?

மாட்டுச்சாணமும் நாய் மலமும் ஒன்றில்லை. நாய் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டை இருக்கலாம். ஈரமண்ணில் அது பொரித்து, வெறுங்காலின் தோல் வழியே உள்ளே போகும். அந்த வரப்பில் செருப்பில்லாமல் நடந்து களை பறிக்கிறவர்கள் பெண்கள். வீட்டிலிருந்து பழைய செய்தித்தாளும் ஒரு சின்ன மண்வெட்டியும் கொண்டுபோகிறேன். தோப்பென்றால் உரிமையாளர் அனுமதியோடு ஒரு ஓரத்தில் ஆழமாகப் புதைப்பேன், வரப்பென்றால் எடுத்துவருவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா நாய்க்கும் குடற்புழு மருந்தும் உண்டு.

வயல்காரர் வரக் கூடாது என்று சொன்னால்?

திரும்பிவிட வேண்டும். கதிர் வந்த பயிரில் நாய் விழுந்தால் அவருக்குத்தான் நஷ்டம். எலிமருந்து வைத்திருக்கும் வயலை அவர்தான் நமக்குச் சொல்ல முடியும் என்பதால், பருவம் தொடங்கும்போதே போய்ப் பேசிவைத்திருப்பது நல்லது. “அண்ணாச்சி, இந்த வாரம் மருந்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் நான் புதிய வரப்பில் கால் வைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தால் என்ன? பெரியம்மா, உங்கள் கருப்பி கேட்கிறதே!

மக்களே, கருப்பி எதையும் கேட்கும். டிசம்பரில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு நட்சத்திரமும் குடிலும் கேக்கும் இருக்கும், கடந்துபோகும் நாய்க்கு ஒரு துண்டு போடத் தோன்றுவது நல்ல மனசு. ஆனால் அந்தக் கேக்கில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் இதயத்தைப் பாதிக்கும். ஒரு துண்டு அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுங்கள், வாலாட்டிக்கொண்டு தின்னும்.

வெடிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் இரவு, புத்தாண்டு இரவு, சுசீந்திரம் மார்கழித் திருவிழா நாட்கள் ஆகியவற்றுக்கு மறுநாள் காலை நான் நடையைத் தாமதமாகத் தொடங்குவேன். மிரண்ட நாய் மார்புப்பட்டையையும் உருவிக்கொண்டு ஓடும். அந்த நாட்களில் பட்டையையும் கழுத்துப் பெல்ட்டையும் இரண்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு கட்டுங்கள். பெல்ட்டில் ஃபோன் எண்ணை எழுதித் தைத்துவையுங்கள்.

கருப்பிக்கு வயதாகிவிட்டதே, இனியும் நடத்த வேண்டுமா? அது வராவிட்டால் மற்றவை எப்படிப் போகும்?

போன மார்கழிவரை கருப்பி முழுத்தூரமும் வந்தது. இந்த வருடம் பின்காலில் வலி. மருத்துவர் நிறுத்த வேண்டாம், குறைக்கச் சொன்னார். முடங்கிக் கிடந்தால் மூட்டு இன்னும் இறுகிப்போகும். அதனால் நடையை இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ஐந்தும் சேர்ந்து முதல் மடைவரை போகும், கருப்பியின் வேகத்தில், பத்து நிமிடம். வேகம் சொல்லும் வேலையை இப்போது மணியனுக்குப் பழக்குகிறேன். முன்னால் விட்டால் பாதி நாள் சரியாக வருகிறது, பாதி நாள் கொக்கைக் கண்டு இழுக்கிறது. இழுத்தால் நிற்பது என்ற பழைய பாடத்தையே அதற்கும் மறுபடி நடத்துகிறேன்.

மடையில் பக்கத்து வீட்டுத் தம்பி கருப்பியோடு உட்கார்ந்துகொள்வான். அவனிடமிருக்கும் இரண்டில் ஒன்றை நான் வாங்கிக்கொண்டு மூன்றோடு போவேன். அடுத்த நாள் விடுபட்டதற்கு முறை. நாங்கள் சானல் திருப்பத்தில் மறைவதைக் கருப்பி பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்பி வந்ததும் மூன்று நாய்களின் வாயையும் காலையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், மோந்து பார்க்கும். எங்கே போனோம் என்பது முழுவதும் அதற்குத் தெரிந்தபிறகுதான் எழுந்து வீட்டைப் பார்த்து நடக்கும்.